பச்சை டிக்

போனில் ஒரே ஒரு ஆப்புக்குத்தான் இடம் இருந்தது. மீதி இடத்தையெல்லாம் ஃபெபி கிறிஸ்துமஸ் பாடகர் குழு வீடியோக்களாலும் செல்ஃபிகளாலும் ரொப்பி வைத்திருந்தாள். அவற்றை அழிக்க மனம் வருமா? நர்சிங் மூன்றாம் வருஷம். திங்கட்கிழமை முதல் ஒரகடம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு போஸ்டிங். "மருந்து பாக்கற ஆப் போன்ல இல்லாம எவளும் வார்டுக்குள்ள கால வைக்கக் கூடாது" என்று டியூட்டர் சசிரேகா மேடம் சொல்லிவிட்டார். எந்த ஆப் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கையில் இரண்டு இருந்தன. ஒன்று நம்மூரில் செய்தது, இலவசம், நடுநடுவே தலைமுடி எண்ணெய் விளம்பரம் வரும். மற்றது வெளிநாட்டு ஆப். காசு கட்டி வாங்க வேண்டியதை, அண்ணன் ஜெபர்சன் ஃபேக்டரியில் தன் லைனில் வேலை செய்கிறவனிடமிருந்து சும்மா வாங்கி வந்திருந்தான்.

எது நல்லது என்று சோதிக்க ஃபெபி வேறெங்கும் போகவில்லை. அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அம்மா அன்னபுஷ்பத்துக்கு அதே ஃபேக்டரி கேன்டீனில் சமையல் வேலை. நாலு வருஷத்துக்கு முன்பு இதயத்தில் வால்வு மாற்றியது. அதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசெனோகூமரால், துடிப்புக்கு ஒரு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று.

நம்மூர் ஆப்பில் போட்டதுமே திரை சிவந்தது. ரத்தக்கசிவு அபாயம். கீரை எச்சரிக்கை. வலி மாத்திரை எச்சரிக்கை. டாக்டரைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள்.

"நாலு வருசமா இந்த மாத்திரையோட குடித்தனம் பண்றோம். இது இன்னா புதுசா சொல்லுது?" என்று சிரித்தாள் ஃபெபி.

வெளிநாட்டு ஆப்பில் அதே மூன்று பெயர்களை ஒரே பெட்டியில் அடித்தாள். ஒரு நொடியில் பச்சை டிக். கீழே வந்த பட்டியல் கொஞ்சம் குட்டையாகத்தான் தெரிந்தது. பச்சையைப் பார்த்தவள் எண்ணிப் பார்க்கவில்லை. குரைக்கிற நாயை விரட்டிவிட்டு, வாலாட்டுகிற நாயை வீட்டுக்குள் விடுகிறவர்கள் உண்டு. நம்மூர் ஆப்பை அழித்தாள்.

புதன்கிழமை அன்னபுஷ்பத்துக்குப் பல் வீங்கி, கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. பென்னலூர் மெடிக்கல் ஷாப்பில் மோகன், அட்டையைக் கத்தரித்து இரண்டு வகை மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். ஃபெபி கேட்டதால் பெயரையும் எழுதினான்: மெட்ரோனிடசோல், ஒரு வலி மாத்திரை.

"ஆபரேசன் பண்ண பெரிய டாக்டர், அவர கேக்காம வேற எதும் போடக் கூடாதுன்னாருடி" என்றாள் அன்னபுஷ்பம்.

"நர்ஸுக்குப் படிக்கறவ வூட்லயே கீறேன், அவர இன்னாத்துக்குக் கேக்கணும்? இந்தா, பாரு." ஐந்து பெயர்களையும் அடித்துக் காட்டினாள். பச்சை.

அன்னபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. பச்சை தெரியும். மகளை நினைத்து நெஞ்சு நிறைந்து போய், சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துப்பிய பற்பசை நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறு வீங்கியிருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்றாள் ஃபெபி. கோயிலில் அம்மா கையைத் தூக்கி ஜெபித்தபோது முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கறுநீலமாகக் கன்றியிருந்தது.

"இட்லி குண்டான் இட்ச்சிருக்கும்" என்றாள் அன்னபுஷ்பம்.

பாவி மகள், அப்போதாவது அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். போனை எடுத்து மறுபடி பார்த்தாள். பச்சை. கண்ணை நம்பாமல் அதை நம்பினாள்.

மறுநாள் வார்டில் ஒரு நோயாளியின் சீட்டை சசிரேகா மேடம் நீட்டினார். "ஃபெபி, இவருக்கு அசெனோகூமரால். உன் ஆப்ல எடு."

அடித்தாள். ஒன்றும் வரவில்லை. எழுத்தைச் சரிபார்த்து மறுபடி அடித்தாள். வெள்ளைத் திரைதான்.

மேடம் போனை வாங்கிப் பார்த்தார். "இது வெளிநாட்டு ஆப். இந்த மருந்த அந்த ஊர்ல விக்கறதே இல்ல. தெரியாத பேர சத்தமில்லாம விட்டுட்டு, மீதிய மட்டும் பாத்து இது டிக் போட்டுடும். எனக்குத் தெரியலன்றதும் ஒன்னுமில்லன்றதும் ஒன்னா? நாலு மருந்து பேர் போட்டா நாலும் வந்துச்சான்னு எண்ண மாட்டியா?"

ஃபெபி எண்ணினாள். அம்மாவுக்கு ஐந்து பெயர் போட்டது. வந்தது நாலு.

வராண்டாவுக்கு ஓடினாள். அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபேக்டரிக்குள் போகிறவர்கள் கேட்டிலேயே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணன் போனும் அதே பெட்டி வரிசையில்தான் அடித்தது. கேட் நம்பரைத் தேடிப் போட்டாள். செக்யூரிட்டி மாரிமுத்து எடுத்தார்.

"அண்ணா, கேன்டீன்ல அன்னபுஷ்பம்... நான் அவங்க பொண்ணு."

"நீயாம்மா? உங்க அண்ணன இட்டார ஆள் போயிகீது, உங்க வூட்டுக்குத்தான் நம்பர் தேடிகினு கீறோம். காலைலேந்து தலை வலின்னுகினு இருந்துச்சு, இப்போ வாந்தி, பேச்சு கொளறுது. ஆம்புலன்ஸ் வந்துகீது. இன்னா மாத்திரை போட்டேன்னு கேட்டா, 'எம் பொண்ணு பாத்துட்டா, ஒன்னுமில்ல, எம் பொண்ணு பாத்துட்டா'ன்னு அதையே சொல்லிகினு கீது."

"அசெனோகூமரால் சாப்பிடறாங்கண்ணா. வால்வு ஆபரேசன் ஆனவங்க. அதோட பல்லுக்கு மெட்ரோனிடசோல், வலி மாத்திரை. உடனே சொல்லுங்கண்ணா, தலைக்குள்ள ரத்தம் கசியுதோ என்னமோ."

மாரிமுத்து ஒவ்வொரு பெயராக ஆம்புலன்ஸ்காரர்களிடம் கத்திச் சொல்வது கேட்டது. பிறகு திரும்பி வந்தார்.

"சொல்ட்டேம்மா. பல்லு மாத்திரைய எழ்தினது எந்த டாக்டர்னு கேக்கறாங்கோ. பேர் இன்னா?"



"டாக்டர் இல்லண்ணா. நான்தான் போடச் சொன்னேன்."