பீளமேட்டு ஜாக்கி

ஜெனீவா நகருக்கு அருகே, பூமிக்கடியில், இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு சுரங்கம் உண்டு. அதனுள் துகள்களை மோதவிட்டு, ஹிக்ஸ் போசான் என்னும் நுண்துகளை அறிஞர் தேடிக்கொண்டிருந்தனர், அஃது அகப்படவில்லை. ஆகவே அதே சுரங்கத்தில் இன்னும் வலிய மோதுகருவியொன்றை அமைக்கத் தீர்மானித்தனர். அதன் பெருங்காந்தங்களைத் தாங்கி, மயிரிழையும் பிசகாமல் நிறுத்தும் ஜாக்கிகளை இந்தியா செய்து தருவதென்று ஏற்பாடு. மாதிரி ஜாக்கி ஒன்று, 1998ஆம் ஆண்டில், கோவைப் பீளமேட்டில் சென்னகிருஷ்ணனின் பட்டறையில் உருவாயிற்று. அது தேறினால் வேலை கோவைக்கு வரும். தவறினால் வேறூருக்குப் போகும்.

“கெணத்துல தண்ணி தேட மோட்டார் செஞ்சு குடுத்த ஊருங்க இது. துகள் தேடறதுக்கு ஜாக்கி செய்யமாட்டமா?” என்று அவர் எதிர்ப்பட்டோரிடமெல்லாம் சொல்லிவந்தார்.

ஆயுத பூசைக்கு மறுநாள், அணுசக்தித் துறை விஞ்ஞானி பாலகோபால் அதைச் சோதிக்க வந்தார். ஜாக்கியின்மேல் பத்து டன் இரும்புப் பாளம் முன்னரே ஏற்றப்பட்டிருந்தது. மட்டத்தின் பிசகை அளக்கும் டயல் கேஜின் முள்ளோ வரம்பைத் தாண்டி நின்றது.

“இது தேறாதுங்களே” என்றார் அவர்.

சென்னகிருஷ்ணன், தரச்சோதனைப் பொறியாளரான ரங்கநாயகியை நோக்கித் திரும்பினார். “ஏனம்மணி, செரியா இருக்குதுன்னு நீதானே கையெழுத்துப் போட்டே?”

“பூசைக்கு முன்னால பாத்தப்ப செரியாத்தானுங்க இருந்துச்சு. பாரத்தைத் தூக்கச் சொல்லுங்க. அடியில பாக்கோணும்.”

“அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

“என்ற கையெழுத்துங்க அது. பாக்காம விடமாட்டேனுங்க.”

கிரேன் பாளத்தை உயர்த்திற்று. ஜாக்கியின் தலையில், கண்ணாடிபோல் இழைத்த பரப்பின் ஓரத்தில், நசுங்கிக் காய்ந்த சந்தனப்பொட்டு, நடுவே குங்குமம்.

“எந்தக் கிறுக்கன் இங்க பொட்டு வெச்சது?” என்று முதலாளி இரைந்தார்.

“நீங்கதானுங்க” என்றான் கிரேன் இயக்கும் வெள்ளியங்கிரி. “தலைக்கு வெக்காம காலுக்கா வெப்பாங்கன்னு நீங்களே வெச்சுப்போட்டீங்க.”

முதலில் சிரித்தவர் பாலகோபால். பின்பு பட்டறையே சிரித்தது.

ரங்கநாயகி ஸ்பிரிட் தோய்த்த துணியால் பரப்பைத் துடைத்தாள். பாளம் மீண்டும் இறங்கிற்று. முள் வரம்புக்குள் வந்து அசையாது நின்றது.

“ஒரு பொட்டுச் சந்தனத்தையே காட்டிக் குடுத்திருச்சே! இந்த ஜாக்கியைத்தானுங்க அந்தச் சுரங்கம் கேக்குது” என்ற பாலகோபால், தேறியதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

சென்னகிருஷ்ணன் மீசையைத் தடவினார். “அம்மணி, இனிமே பொட்டு எங்க வெக்கறதுன்னு நீயே சொல்லிப்போடு.”

ரங்கநாயகி சாக்குக்கட்டியால் ஜாக்கியின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டம் வரைந்தாள்.

“இங்க வெய்யுங்க. அளவு கெடாது. ஜெனீவாக்காரங்க கண்ணுலயும் படும்.”