எறும்பு கடித்த ரன்

தபால் ஆபீஸ் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரர், தம் இருபத்தேழாவது பிறந்தநாளன்று தொண்ணூற்றொன்பது ரன்னோடு மைதானத்தைவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு வயது ஏறவில்லை. ஜெயிப்பதற்கான கடைசி ரன்னை ஓடியவரும் அவரே. நூறு என்று மட்டையைத் தூக்கிக் காட்டியும் ஆயிற்று. ஆனால் அம்பயர் முழங்காலைத் தொட்டதைப் பார்த்த ஸ்கோரர், பந்து மட்டையில் படவில்லை, காலில்தான் பட்டது என்று முடிவுகட்டி, அந்த ரன்னை அவர் கணக்கில் சேர்க்காமல், லெக் பை என்ற உதிரி ரன் கணக்கில் எழுதிவிட்டார். அப்புறம் எந்த ஆட்டத்திலும் அவர் ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை.

முதல் பத்து வருஷம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படி என்னதான்மா போடுறே சாப்பாட்டுல?" என்று கூட வேலை பார்த்தவர்கள் துளைத்தெடுத்தார்கள். பிறகு அவளுக்கு நரைத்தது, முழங்கால் தேய்ந்தது, கண்ணில் புரை விழுந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று வாழ்த்த வந்த மேலதிகாரி, பக்கத்தில் நின்ற வழுக்கைத்தலை குமாஸ்தாவை வாழ்த்திவிட்டுப் போனார். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "தம்பி, அம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அங்கே சிரித்துச் சமாளித்தவள், வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருக்கோ வேறு பயம். "நீ போனப்புறம் நான் எத்தனை காலம் தனியாக் கெடக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

அந்த அம்பயருக்குத் தொண்ணூறு வயது நிறைந்தபோது கிளப்பில் விருந்து வைத்தார்கள். ஆட்டக்காரரும் மனைவியோடு போயிருந்தார். பழைய ஆட்டங்களைப் பற்றிய பேச்சு வந்தது. "லெக் பைன்னு நான் எப்பப்பா காட்டினேன்? எறும்பு கடிச்சுது, சொறிஞ்சேன்" என்றார் அம்பயர். ஸ்கோரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய், இரும்பு அலமாரியிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை எடுத்துவந்தார்.

"திருத்தினா நாப்பத்தோரு வருஷமும் ஒரேயடியா வந்து சேரும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஆட்டக்காரரிடம்.

மனைவி பதறினாள். "வேணாங்க. ஊர்ல அவனவன் இளமைக்கு ஏங்குறான். எனக்காக இத விட்டுடாதீங்க."

"நீங்க எழுதுங்க ஸ்கோரர்" என்றார் அவர்.

லெக் பையில் இருந்த ஒன்றை ஸ்கோரர் அடித்தார். அதை ஆட்டக்காரர் பெயருக்கு நேரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் தலை வெளுத்தது, கடைவாய்ப் பல் இரண்டு ஆட்டம் கண்டன, சட்டை தோளில் தொளதொளத்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மட்டை இல்லாததால் அவர் குடையைத் தூக்கிக் காட்டினார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். முதல் மாடி திரும்புவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா இப்படியா ஏறிட்டிருந்தே?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க அதுக்குள்ள மேல போயிருப்பீங்களே."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். மூச்சு சீரானதும் இருவருமாக மிச்சப் படிகளை ஏறினார்கள். அடுத்த வருஷம் அவருக்கு அறுபத்தொன்பது ஆயிற்று.