முகத்துவாரத்தை வெட்டச் சொன்ன கவிதை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வெறும் பக்கத்தால் வந்தது. காரைதீவில், செத்துப்போன நிதர்சனின் முப்பத்தோராம் நாள் கிரியை. சாப்பாடு முடிய நினைவு மலரைக் கையில் தந்தார்கள். உயர்தர வகுப்பில் படிக்கையில் அவன் பாடசாலை மலருக்கு எழுதிய காதல் கவிதை நடுப்பக்கத்தில் இருந்தது.

மழை விடுகிறதாயில்லை.
முகத்துவாரத்தை நீயே வெட்டிவிடு.
தேங்கிய தண்ணீர் இனியும் நிற்க வேண்டாம்.

கீழே, 'விளக்கம்: திருமதி றொசானி ஸ்ரான்லி, தமிழாசிரியை'. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அச்சகத்தில் விடுபட்டுப் போச்சாம். நான் நம்பவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2.

'மழைக்கால மாலையொன்றில் றொசானி...' (வேண்டாம். கவிதையில் பெய்யும் மழையே போதும்.)

றொசானி கல்முனைக் களப்பில் வலை போடுகிறவரின் மகள். கவிதை அவளுக்குத்தான் எழுதப்பட்டது. நிதர்சனின் வீட்டாருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் விளக்கம் கேட்டு அவளிடமே வந்திருப்பார்களா?

அவளுக்கு அதன் பொருளில் ஒருநாளும் சந்தேகமில்லை. களப்பு கடலோடு சேரும் வாயை அடைத்து நிற்கும் முகத்துவாரத்து மண்மேட்டை வெட்டினால், தேங்கிய களப்புத் தண்ணீர் கடலுக்கு ஓடும். மீனும் இறாலும் கூடவே ஓடும். அப்பாவின் வலை வெறுமையாகும். ஆகவே, 'என்னை விட்டுவிடு, போகிறேன்.' வாசித்த அன்றே அவனோடு கதைப்பதை நிறுத்தினாள், ரோசக்காரி. பிறகு வீட்டில் மாப்பிள்ளையாகப் பேசிய ஸ்ரான்லிக்கு ஓம் என்றாள். நிதர்சன் கடைசிவரை கல்யாணம் கட்டவில்லை. (ஏனென்று ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டாமா? இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம்.)

3.

'இதில் முகத்துவாரம் பிரிவின் குறியீடு. காதலன் விடைபெறும்...' என்று எழுதிக்கொண்டிருந்தாள். வயலால் வந்த ஸ்ரான்லி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள இப்பிடி எழுதியிருக்கிறாய்? நிதர்சன் வயல்காரர் வீட்டுப் பொடியன்தானே. மழை விடாட்டி வயல் தாழும். முகத்துவாரம் வெட்டினாத்தான் பயிர் தப்பும். இவன் போறன் எண்டு சொல்லல்ல. தாழுறன், காப்பாத்து எண்டு கெஞ்சுறான்."

றொசானியின் பேனை நின்றுவிட்டது.

"ஆருக்கு எழுதினானோ, பாவம்," என்றான் ஸ்ரான்லி. "அந்தப் புள்ளைக்கு விளங்கல்ல போல."

"ஓம்," என்றாள். "விளங்கல்ல."

4.

குறியீடு எல்லாருக்கும் பொது என்று படிப்பிக்கிறோம். சும்மா கதை. மண்மேடு ஒன்றுதான், அதை வெட்டினால் வயல்காரனுக்கு உயிர், மீன்காரனுக்கு இழவு.

முடிவு அ: சரியான விளக்கத்தை எழுதுகிறாள். (ஆருக்கு? அவன்தான் சாம்பலாகிவிட்டானே.)

முடிவு ஆ: கணவனிடம் எல்லாம் சொல்லி அழுகிறாள். அவன்... (ஸ்ரான்லி நல்ல மனிசன். அவனை இதற்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இ: எழுதியதை அழித்துவிட்டு, பெயரை மட்டும்...

மலர் என் மேசையில் கிடக்கிறது. பக்கத்தில் இன்னும் இடமிருக்கிறது. நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் பேனை இருந்தால் எழுதுங்கள். எழுதமுன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: அதை அவள் வாசிப்பாள்.