ஊசிச்சிட்டு கூவிய பக்கம்

மொட்டையாய்க் கிடந்த தீவில் மரக்கன்று நட்டவர்களில் வழிகாட்டியும் ஒருவர். கன்றுகள் காடாயின. காட்டைத் தேடி ஊசிச்சிட்டு வந்தது, சிட்டைத் தேடிப் படகு படகாய் ஆட்கள் வந்தார்கள். இவ்வளவும் ஆனபிறகு பாழாய்ப்போன காது அவர் காலை வாரிவிட்டது. பேச்சு கேட்கும். மனைவி ஏசுவது பிரமாதமாகவே கேட்கும். சிட்டின் மெல்லிய கீச்சு மட்டும் கேட்காது. வெளியே தெரிந்தால் வனத்துறை ஆபீஸில் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் மச்சினனான படகுக்காரனோடு ஓர் ஏற்பாடு: சிட்டு கூவினால் அவன் தொப்பியைத் தொடுவான்.

அன்று காலை தொப்பியைத் தொட்டான்.

"உஷ்! கேக்குதா? ஊசிச்சிட்டு!" என்றார் வழிகாட்டி.

"ஆஹா, என்ன இனிமை!" என்றார் கூட்டத்திலிருந்த வங்கிக்காரர். ஓர் இளந்தம்பதி கண்ணை மூடி ரசித்தார்கள்.

படகுக்காரன் வழிகாட்டியின் காதோரம் வந்தான். "மாமா, கொசு கடிச்சுது. சொறிஞ்சேன்."

"பாவி, மானத்த வாங்கிட்டியேடா!"

"எங்க வாங்கினேன்? அவங்களுக்கெல்லாம் கேட்டுடுச்சாமே!"

வழிகாட்டிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கடைசியில் நின்ற அம்மாள் அருகே வந்தார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எனக்கு மட்டும் ஒண்ணுமே கேக்கலைங்க. ஆயுசு பூரா காதாலதான் பொழச்சேன். போயிடுச்சா? தனியா இருக்காதேன்னு பையன் ஏற்கெனவே அரிக்கிறான்."

'மரம் மறைச்சிடுச்சும்மா' என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பயந்த முகத்தை அவர் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிறார்.

"உங்க காது நல்லாத்தான் இருக்கும்மா. சிட்டு கூவவே இல்ல. போனது என் காது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

வங்கிக்காரர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

"மாமா, ஆபீஸ்ல தெரிஞ்சா?"

"நானே சொல்லிக்கறேன் போ."

திடீரென்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்தார். "அப்ப இது என்ன? அதோ, சாஞ்ச மரத்துப் பக்கம்!"

கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தொலைநோக்கியைத் திருப்பினார். இலைகளுக்கு நடுவே கட்டைவிரல் பருமனில் பச்சை உடம்பு. அலகு திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லாமல்.

"எப்படிம்மா இருக்கு?"

"எண்ணெய் போடாத சைக்கிள் மாதிரி. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"அதேதான்! அதேதாம்மா!" தொலைநோக்கிக்குள் சிட்டு கலங்கலாய்த் தெரிந்தது. "இன்னும் கூவுதா?"

"எங்க நிறுத்துறாரு? வாய மூடவே மாட்டேங்குறாரு உங்க ஆளு."