நடுவில் யார் படம்?

பிள்ளைச்சாவடிப் பெண்கள் கபடிக் கோப்பையை ஜெயித்து வந்த மறுநாளே, முல்லா வீதியில் அப்துல் முத்தலிப்பின் டிசைன் கடையில் சண்டை தொடங்கிவிட்டது.

கோச் பலராமன் கேட்டதென்னவோ ஒரே ஒரு பேனர்தான். ஏழு பெண்களும் நிற்க, நடுவில் கேப்டன் அமுதவல்லி மட்டும் பெரிதாக, கையில் கோப்பையோடு. முத்தலிப்பின் மகள் அரீபா அதைப் பாதி முடித்திருந்தாள். அப்போது பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற கையோடு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தையல்நாயகி வந்து நின்றாள்.

"ஏம்மா, கடைசிப் பாயிண்ட்டுல அவங்க ஆள மடக்கிப் புடிச்சது எம் பொண்ணு நிர்மலாதேவி. அவ இன்னாத்துக்கு ஓரத்துல நிக்கணும்?"

அவள் தெருமுனை தாண்டியிருக்கமாட்டாள், அமுதவல்லியின் அம்மா செல்வாம்பாள் படியேறினாள்.

"கேப்டன்னா கேப்டன்தான். நடுவுல எம் பொண்ணு இல்லன்னா அந்த பேனர் ஊருக்குள்ள வராது, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. அணியிலிருந்த இன்னொரு பெண்ணின் மாமா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து, மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசினார். கடையிலேயே இருந்த பலராமன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எதிரணியைச் சமாளித்தவருக்குச் சொந்த ஊர் அம்மாக்களைச் சமாளிக்க வழி தெரியவில்லை.

"ஆளுக்கு ஒரு பேனர் போட்டுடுங்க, அப்பத்தான் அடங்குவாங்க" என்றார் முத்தலிப், விளையாட்டாக.

அரீபா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "போட்டுடலாம் அத்தா. ஏழு பொண்ணு, ஏழு தெரு. அவங்கவங்க தெருவுல அவங்கவங்க நடுவுல."

"நாளைக்கு ஊர்வலம்மா. ஏழு பேனரை எப்பச் செஞ்சு முடிப்ப?"

"ஒண்ணுதான் செய்யப் போறேன். ஏழு வரும்."

கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்ட போட்டோஷாப்பில் அப்படி ஒரு வசதி இருப்பதை அவள் சில வாரங்களுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தாள். அதற்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருந்தாள் என்றே சொல்லவேண்டும். கடல், கோப்பை, 'பிள்ளைச்சாவடி மின்னல்கள்' என்ற எழுத்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நடுவில் இருக்கும் பெரிய படமும் அதன் கீழுள்ள பெயரும் மட்டும் மாறும். எந்தப் படத்துக்கு எந்தப் பெயர் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாக மாற்றி, தனித்தனியாகச் சேமித்துக்கொண்டே போகும்.

பட்டனை அழுத்திவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் ஒரு முகம் போய் இன்னொரு முகம் வந்தது. பெயரும் கூடவே மாறியது. ஃபோல்டருக்குள் ஒவ்வொரு படமாக வந்து விழ விழ, அரீபாவுக்கு வயிற்றுக்குள் குறுகுறுவென்று சிரிப்பு பொங்கியது. அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அல்லாவே, இது தானாவா ஓடுது?" என்றார்.

மறுநாள் பேனர்கள் பிரிண்ட் ஆகி, சுருட்டிய சுருளாகவே ஊருக்குப் போயின. மதியம் பலராமனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, எல்லாத்தையும் கட்டியாச்சு. நீ ஒருதடவ வந்துட்டுப் போயேன்."

அந்தக் குரல் சரியில்லை. அரீபா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் விரைந்தாள். முதல் தெருவிலேயே கூட்டம். பேனரில் நிர்மலாதேவி பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'அமுதவல்லி' என்றிருந்தது.

அரீபா ஸ்கூட்டியை விட்டு இறங்கி, பேனரை இன்னொரு முறை படித்தாள். படங்களை அவள் சட்டை எண்படி அடுக்கியிருந்தாள். பெயர்களையோ கேப்டனை முதலில் வைத்து, மற்றவர்களை எண்படி எழுதியிருந்தாள். கேப்டனின் சட்டை எண்ணோ ஏழு. எல்லாப் பெயரும் ஓர் இடம் நகர்ந்து, ஏழு பேனரிலும் ஒருத்தி முகத்துக்கு இன்னொருத்தி பெயர். அந்தப் பெண்களை அவள் நேரில் பார்த்ததே இல்லை. நிறம், எழுத்து, ஓரம் எல்லாம் சரிபார்த்தவளுக்கு இதுமட்டும் கண்ணில் படவில்லை.

"என் தப்புதான். கழட்டிக் குடுங்க, நாளைக்கே மாத்தித் தர்றேன்" என்றாள்.

"நாளைக்குக் கட்டி இன்னா பண்றது? ஊர்வலம் இன்னிக்காச்சே" என்றாள் செல்வாம்பாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது நிர்மலாதேவிதான். "இந்த பேனருக்கு யாரு வந்து நிக்கறது, நானா அவளா?"

"மூஞ்சி உன்னுது, பேரு என்னுது. ரெண்டு பேரும்தான் நிக்கணும்" என்றாள் அமுதவல்லி.

செல்வாம்பாள் பேனரையும் தையல்நாயகியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "அப்ப எம் பொண்ணுக்கு ரெண்டு தெருவுல ஆலத்தி. மூஞ்சிக்கு ஒண்ணு, பேருக்கு ஒண்ணு."

"அப்ப எம் பொண்ணுக்கும் ரெண்டு" என்றாள் தையல்நாயகி உடனே.

விஷயம் ஊர் முழுக்கப் பரவ நேரம் ஆகவில்லை. சாயங்காலம் பெண்களை ஏற்றிய டிராக்டர் ஒவ்வொரு தெருவிலும் நின்றது. முகத்துக்குரியவளும் பெயருக்குரியவளும் ஜோடியாக இறங்கினார்கள். ஒருத்திக்கு வாங்கி வைத்த மாலையை அறுத்து இரண்டாகக் கட்டினார்கள். மைக் பிடித்திருந்த கண்ணையன், "அடுத்து, நிர்மலாதேவி மூஞ்சியில இருக்கற நம்ம அமுதவல்லி" என்று அறிவிக்க, மேளக்காரர்களே அடியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தங்கள் தெருப் பெண்ணுக்கு மட்டும் வெடி வாங்கியிருந்தவர்கள் அடுத்த தெருப் பெண்ணுக்கும் சேர்த்துக் கொளுத்தினார்கள்.

ஓரமாக நின்றிருந்த அரீபாவை அமுதவல்லி டிராக்டர்மேல் இழுத்து ஏற்றினாள். தையல்நாயகி ஒரு தட்டு நிறைய வறுத்த வஞ்சிரத்தை அவள் கையில் திணித்து, "சாப்புடு, முள்ளு கம்மி" என்றாள். இரண்டு அம்மாக்களும் ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆலத்தி சுற்றுவதை அரீபா மேலிருந்து பார்த்தாள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.

ஊர்வலம் முடிந்து அவள் ஸ்கூட்டியைத் தேடிப் போனபோது, கிரிக்கெட் டீம்காரன் வெற்றிவேல் வழிமறித்தான்.

"அக்கா, அடுத்த மாசம் எங்களுக்கு மேட்ச் இருக்குது. ஜெயிச்சா இதே மாதிரி எங்களுக்கும் போட்டுத் தர்றியா?"

"தர்றேன்டா. இந்தத் தடவ பேர ஒழுங்காப் பாத்துப் போடறேன்."

"ஐயோ, வாணாங்க்கா" என்றான் அவன். "இப்பிடியே மாத்தி மாத்திப் போடு."