எங்களிடம் சொன்னார்கள்

டெரெக் ஸ்டாண்டிஷ் கையில் கேக் பெட்டியோடு கடைக்குள் நுழைந்தபோதே ஏதோ வில்லங்கம் என்று மெரில் ஹெப்வொர்த்துக்குத் தெரிந்துவிட்டது. ராவன்ஷா நகர கவுன்சிலின் தலைவர் அவர். தேர்தல் சமயம் தவிர சந்தைத் தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மெரில் அவர் கட்சியில்தான் கவுன்சிலராக இருந்தாள் என்றாலும், பிழைப்பு என்னவோ முடி வெட்டுவதில்தான். அப்போதும் ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தாள்.

"பின்னால போய்ப் பேசலாமா, கண்ணு?"

"இந்தச் சாயம் பிடிக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவீங்கன்னா வாங்க."

துண்டுகள் உலரும் பின்னறையில், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே டெரெக் சொன்னார். "குழந்தைகள் துறைய நீ எடுத்துக்கணும்."

அந்தத் துறையைப் பார்த்துவந்த கவுன்சிலருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. நைஜல் கோப் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்த மறுநாள் காலையில் ஆரம்பித்த சீக்கு அது.

கோப், கவுன்சிலின் சம்பளத்தில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழலை ஊதக் கற்றுக்கொடுத்தவன். ஊர் வாத்தியக்குழுவில் அவன் ஊதாமல் கிறிஸ்துமஸ் வந்ததில்லை. இப்போது சிறையில் இருக்கிறான். சிறுமிகளை அவன் என்ன செய்தான் என்பதை நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட்டது. இத்தனை வருடம் அவனை யார் விட்டுவைத்தார்கள் என்பதுதான் பாக்கி.

"நான் என்னத்த கண்டேன் டெரெக்? எனக்குத் தெரிஞ்சது கத்திரியும் சீப்பும்."

"நீ ஊர்க்காரி. உன்மேல ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கு."

"அப்ப உங்கமேல இல்லைன்னு ஒத்துக்கறீங்க."

அவர் சிரித்தார். தன்னை முன்னால் நிறுத்தி அடி வாங்க வைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மெரிலுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், உள்ளே போனால் ஏதாவது செய்யலாம் என்ற நப்பாசை. சரியென்று சொன்னாள். சாயம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது. அந்த வாடிக்கையாளரிடம் காசு வாங்கவில்லை.

குழந்தைகள் துறையின் இயக்குநர் ஜூலியன் ஃபாரன்ட், டவுன் ஹாலில் தன் அறையில் மெரிலுக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒல்லியான மனிதர், மெதுவான குரல். வரப்போகும் மன்றக் கூட்டத்தில் அவள் படிக்க வேண்டிய பதில்களையெல்லாம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'ஆழ்ந்த வருத்தம்' என்று இருந்தது. 'மன்னிப்பு' எங்கேயும் இல்லை.

"மன்னிப்புன்னு போட்டா தப்ப ஒத்துக்கிட்டதாயிரும், காப்பீட்டுக்காரங்க இழப்பீட்டுப் பணம் தர மாட்டாங்க" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நமக்கு முன்னாடியே தெரியுமா?"

"தகவல் ஒரே இடத்துல இல்லாம போச்சு. அதுதான் பிரச்சனையோட மூலம்."

"மிஸ்டர் ஃபாரன்ட், நான் தினமும் பொம்பளைங்க தலையில கை வெச்சுக்கிட்டுக் கதை கேக்கறவ. சுத்தி வளைக்கறது எனக்குப் புரியும். மலைமேல இருக்கற பள்ளியோட தலைமை ஆசிரியை, கோப்ப இனி எங்க பள்ளிக்கு அனுப்பாதீங்கன்னு நம்மகிட்ட வந்து சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க."

"ஏன்னு காரணமும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"கால அட்டவணைய மாத்தினோம். அவர ஹாலோஃபீல்ட் பள்ளிக்கு அனுப்பினோம்."

"யாரு முடிவு அது? அறிக்கைல அவன மாத்தினவர் பேருக்கு மேல கறுப்பு மை பூசியிருக்கு."

ஃபாரன்ட் கோப்பையைத் தட்டில் வைத்தார். "நான்தான். அப்ப துணை இயக்குநரா இருந்தேன். அன்னைக்கு இருந்த விதிப்படி அது சரியான முடிவு." அவர் முகத்தில் வெட்கமுமில்லை, பயமுமில்லை. கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் புதிதாக வந்தவளுக்குச் சொல்லும் பொறுமைதான் இருந்தது. மெரில் தேநீரைத் தொடாமல் எழுந்துவந்தாள்.

அந்த வாரமே லோர்னா கிரிம்ஷா கடைக்கு வந்தாள். மெரிலும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லோர்னாவின் கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்ததும் மெரில்தான். முடி வெட்ட வரவில்லை என்பது அவள் கோட்டைக்கூடக் கழற்றாததில் தெரிந்தது.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். லோர்னா அனுப்பியிருந்தாள். டவுன் ஹாலிலிருந்து அது திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருந்தது.

"நான் கேட்டது, 'ஹாலோஃபீல்டுக்கு அவன அனுப்பும்போது உங்களுக்குத் தெரியுமா'ன்னு. அவங்க போட்டிருக்கறதக் கேளு. 'பள்ளிகளுக்கிடையே தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்தக் கவுன்சில் என்ன ஏற்பாடுகளைச் செய்துள்ளது?' இது என் கேள்வியாடி? என் வாயில இந்த மாதிரி வார்த்தை வருமா?"

"வராது."

"நீ எழுதினதா?"

"என்னைப் பாத்து இப்படிக் கேக்கலாமா நீ?"

லோர்னா கண்ணாடிக்கு முன்னாலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹாலோஃபீல்டில் கோப்பிடம் கார்னெட் படித்த பிள்ளைகளில் அவள் மகள் கீலியும் ஒருத்தி. நீதிமன்றத்தில் பேரில்லாமல் வெறும் எழுத்தாகக் குறிப்பிடப்பட்ட சிறுமிகளில் அவளும் ஒருத்தி. மெரிலுக்கு அது தெரியும். லோர்னாவே ஒருநாள் சொல்லி அழுதிருக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாது.

"கீலி எப்படி இருக்கா?"

"பத்தொம்பது வயசு. சமையலறைக் கத்திரியால அவளே முடிய வெட்டிக்கறா. தலையில யாரும் கை வெக்கக் கூடாது. நான் கூட." லோர்னா குரலைத் தாழ்த்தினாள். "அங்க நான் அந்தப் பள்ளிப் பிள்ளையோட அம்மான்னு மட்டும்தான் நிப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். நீ என்ன பதில் சொல்லப்போற?"

"எழுதிக் குடுத்திருக்காங்க."

"நான் அதக் கேக்கல."



மன்றக் கூட்டத்தன்று பொதுமக்கள் உட்காரும் மாடம் நிறைந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் மேயர் தங்கச் சங்கிலியோடு வந்து அமர, பாதிரியார் எல்லோருக்கும் விவேகம் வேண்டிப் பிரார்த்தித்தார். பிறகு குப்பைத் தொட்டிகளின் நிறம் குறித்து நெடுநேரம் விவாதம் நடந்தது. கூட்டத்தைப் படம் பிடித்து இணையத்தில் நேரலையாக விடும் காமிரா, சுவர் மூலையிலிருந்து சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது.

லோர்னாவின் முறை வந்தது. அவள் காகிதத்தைப் பார்க்கவேயில்லை.

"கோப்ப ஹாலோஃபீல்டுக்கு அனுப்பும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அம்மா, அச்சிட்டிருக்கிற கேள்விய மட்டும்தான் கேக்கலாம்" என்றார் மேயர்.

"அது நீங்க அச்சடிச்ச கேள்வி. அதுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க. நான் என் கேள்விய கேக்கறேன்."

யாரோ அவளுடைய ஒலிவாங்கியை அணைத்தார்கள். அவள் வாய் அசைவது தெரிந்தது, குரல் எட்டவில்லை. மேயர் மெரிலைப் பார்த்துத் தலையசைத்தார்.

மெரில் எழுந்து தட்டச்சுத் தாளைப் படிக்கத் தொடங்கினாள். 'ஆழ்ந்த வருத்தம்' தாண்டிற்று. 'படிப்பினைகள்' தாண்டிற்று. 'தகவல் ஒரே இடத்தில் இல்லாத காரணத்தால்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. நிமிர்ந்தாள். மாடத்தில் லோர்னா இன்னும் உட்காராமல், அணைந்துபோன ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"இது பொய்" என்றாள் மெரில். "எங்களிடம் சொன்னார்கள். மலைமேல இருக்கற பள்ளியிலேர்ந்து நேர்ல வந்து சொன்னாங்க. அவன் நம்ம சம்பளம் வாங்கின ஆளு. தெரிஞ்சேதான் அவன ஹாலோஃபீல்டுக்கு அனுப்பினோம். லோர்னா, தெரிஞ்சேதான் உன் பொண்ணுகிட்ட அனுப்பினோம். என்னை மன்னிச்சிரு. எங்க எல்லாரையும் மன்னிச்சிரு."

மாடம் எழுந்து நின்று கைதட்டியது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். கவுன்சிலின் வழக்கறிஞர் மேயரின் காதருகே குனிந்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மெரிலுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தான் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்தாள். லோர்னாவைத் தேடி நிமிர்ந்தாள். லோர்னா கைதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, படிகளில் முட்டிமோதி, வெளியே ஓடிக்கொண்டிருந்தாள்.

'உன் பொண்ணுகிட்ட.' அப்போதுதான் மெரிலுக்கு உறைத்தது.

ஊர் முழுக்க அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. உண்மையைச் சொன்ன கவுன்சிலர் என்று உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டது. கீலியின் பேரைப் பத்திரிகை போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. லோர்னா கிரிம்ஷாவுக்கு ஒரே பெண்தான்.

கோப் விஷயத்தில் வருடக்கணக்காகத் தூங்கிய கவுன்சில், மெரில் விஷயத்தில் அந்த வாரமே விழித்துக்கொண்டது. குற்றத்துக்கு ஆளான பெண்ணை அடையாளம் காட்டியதாக அவள்மேல் புகார் பதிவானது. துறைப் பொறுப்பு போய், வெறும் கவுன்சிலராக மிஞ்சினாள். விசாரணைக் குழு மூடிய அறையில் கூடியது. ஃபாரன்ட் சாட்சியாக வந்து, பாதிக்கப்பட்ட இளம்பெண்களின் நலனைவிடக் கவுன்சிலுக்குப் பெரிது எதுவுமில்லை என்றார். குரல்கூட லேசாக உடைந்தது.

"உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா, கவுன்சிலர் ஹெப்வொர்த்?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் புகாரில் இருந்தது உண்மை. "இல்ல" என்றாள்.

வெளியே வராந்தாவில் டெரெக் காத்திருந்தார். "நல்ல மனசு உனக்கு, மெரில். அதான் உன் வினை."

"மூடுங்க வாய."

லோர்னா தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெரில் நேராக அவள் வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்த லோர்னா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டயும் மன்னிப்பு கேக்க வந்தியா? அதான் ஊருக்கு முன்னால கேட்டுட்டியே."

"லோர்னா, எனக்கு வாய் தவறி..."

"உனக்கு பாரம் இறங்கிருச்சுல்ல? உன் முகத்துல பாத்தேன். உனக்கு இறங்கினத நாங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம்."

உள்ளே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீலி பாதிப் படியில் வந்து நின்றாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் நீண்டும் கிடந்த முடி. மெரிலின் கண் தன்னையறியாமல் அதில் போய் நின்றது. சட்டென்று பார்வையை விலக்கினாள்.

"உள்ள விடும்மா. மழை பெய்யுது" என்றாள் கீலி.

லோர்னா நகரவில்லை. மெரிலும் உள்ளே போக முயலவில்லை.

"கடைக்காரரு பாக்கறாரு. தபால்காரர் பாக்கறாரு" என்றாள் கீலி. கோபமில்லாமல், ஏதோ செய்தி சொல்வதுபோல. "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா பாக்கறாங்க. நீங்க சொன்னது நெசம்தான், மெரில். எனக்கும் அது வெளிய வரணும்னுதான் இருந்துச்சு. ஆனா முதல்ல என்னைக் கேட்டிருக்கலாம். அந்தாளும் கேக்கல. டவுன் ஹாலும் கேக்கல. நீங்களாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள். லோர்னா கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

கவுன்சிலிடம் இழப்பீடு கேட்டு லோர்னா குடும்பம் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. மெரில் சொன்னதைக் கிரிம்ஷாக்களின் வழக்கறிஞர் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அந்த முடிவு எடுக்கப்பட்டபோது கவுன்சிலர் ஹெப்வொர்த் பொறுப்பில் இல்லாதவர், அவருக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று கவுன்சில் தரப்பு சொல்லிவிட்டது. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது நிபந்தனை. லோர்னா ஊரை விட்டே போகப்போவதாக மெரில் கடையில்தான் கேள்விப்பட்டாள். சொன்னவளும் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஃபாரன்ட் தெற்கே ஒரு பெரிய மாநகரத்துக்கு இயக்குநராகப் போனார். மேயரின் அறையில் பிரிவுபசாரம் நடந்தது. கடினமான காலத்தில் கப்பலைக் கரை சேர்த்தவர் என்று டெரெக் புகழ்ந்தார்.

இலையுதிர் காலத்தில் குழந்தைகள் பாதுகாப்புக்கான புதிய கொள்கை மன்றத்தின் முன் வந்தது. கொஞ்ச நாள் முன்னாலிருந்தே எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் 'சொல்லுங்கள், கேட்கிறோம்' என்ற வண்ணத்தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. கடைசி வரிசையில், பூங்காக் குழு உறுப்பினர்களுக்கு நடுவே உட்கார்ந்து, மெரில் அந்தக் கொள்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். எதிர்த்துப் பேச ஏதாவது கிடைக்குமா என்று தேடித் தேடிப் படித்தாள். பிழையென்று சொல்ல ஒரு வரியில்லை. நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

"ஆதரிக்கிறவங்க?" என்றார் மேயர்.

மன்றம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் அவளை இடித்தார். மெரிலும் கையைத் தூக்கினாள்.

"ஒருமனதாக நிறைவேறியது" என்ற மேயர், அடுத்து வாகன நிறுத்தக் கட்டணத்தை எடுத்துக்கொண்டார்.