மூன்று பேருக்குப் புரியாத சொல்

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் மின்துறைக் கலைச்சொற்கள் குவிந்து கிடந்தன. நானோ நாற்காலியை விட்டு எழுவதும், ஜன்னலுக்குப் போவதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தேன். எதிர் மேசைத் தட்டச்சர் அக்கா, "தரை தேஞ்சுடப் போகுது" என்றார்.

என் தொழில் சொல் செய்வது. எங்கிருந்தோ வந்து இறங்கும் கருவிக்கோ நோய்க்கோ தமிழில் பேர் வைக்க வேண்டும். வேரைப் பிடித்து, விகுதியைச் சேர்த்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, கடைசியில் குழுவில் நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. அவர் மின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். "பிரேக்கர்னா முடிஞ்சுது. நீ மின்சுற்று முறிப்பான்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆள் கருகிடுவான்" என்று கிண்டலடிப்பார்.

அந்த வாயைத்தான் போன மழைக்காலத்தில் பக்கவாதம் பிடுங்கிக்கொண்டது. வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகத்தான் திரும்பியது. பொருட்களின் பேர்கள் மட்டும் திரும்பவே இல்லை.

போன பேர்களுக்காக அவர் உட்கார்ந்து அழவில்லை. புதிதாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார். சாவிக்குக் கதவுக்குச்சி. குடைக்கு மழைக்கூரை. தலையணைக்குத் தலைமெத்தை. எங்கள் குழு மாதக்கணக்கில் முக்கி முனகிப் பெறாததை இந்த மனிதர் கட்டிலில் சாய்ந்தபடி பெற்றுப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கதவுக்குச்சி" என்றதும் சாவியை எடுத்து நீட்டுவேன். நானும் அதே சொற்களைப் பேச ஆரம்பித்தேன். "மழைக்கூரையை எங்கங்க வச்சீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். வேறு எந்தப் பெண்டாட்டியும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்திருக்க மாட்டாள். சொல் செய்து பிழைக்கிறவளுக்குத்தான் இது தோன்றும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டாள். வாசலுக்கு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க புரிஞ்சுக்கிறதுதான் இப்ப அவருக்கு இடைஞ்சல். பழைய வார்த்தையைத் தேடற வேலையே அவருக்கு இல்லாம பண்ணிட்டீங்க. கொஞ்ச நாளைக்குப் புரியாத மாதிரி இருங்க. ஜாடை காட்டினாலும் எடுத்துக் கொடுக்காதீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று வந்த பெண் எனக்கே சொல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளா? அடுத்த நாளே அவருடைய மேலதிகாரி போன் செய்தார். மாதக் கடைசியில் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். தேறினால் பழைய நாற்காலி, தேறாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கம்பத்து மேல நிக்கிறவன் உயிரு இவர் வாயில இருக்கு. இவர் சொல்றது அவனுக்குப் புரியணும்ல" என்றார். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் என் மனிதர் வீட்டுக்குள்ளேயே இற்றுப்போவார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அன்று காலை அந்த அலைச்சல். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச்சொல் எதுவானாலும் விளக்கம் கொடுக்காமல் மூன்று பேரிடம் சொல்லிப் பார்ப்போம். அவர்களே பொருளைப் பிடித்துவிட்டால் சொல் தேறியது. அன்றைய சொற்களுக்கு நடுவே அவருடைய சொல் ஒன்றையும் செருகினேன்.

"கதவுக்குச்சின்னா என்னக்கா?"

"தாழ்ப்பாள்" என்றார் தட்டச்சர் அக்கா, தலை தூக்காமல்.

காவலாளி, "கதவு அடிச்சுக்காம முட்டுக் கொடுப்போமே, அந்தக் கட்டையா?" என்றார். கணக்கர் உதட்டைப் பிதுக்கினார். நான் விடவில்லை. குழுத் தலைவர் அறைக்கே போய், சாவிக்கு இந்தச் சொல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்குப் புரியுது?"

"எனக்குப் புரியுது சார்."

"ஒருத்தருக்கு மட்டும் புரிஞ்சா அது கலைச்சொல் இல்லம்மா. செல்லப்பேரு."

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீடு சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பகலில் துணைக்கு இருக்கும் நாத்தனார் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடியிருந்தாள். திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்க, அவர் கட்டிலில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தார். ஜன்னலைச் சாத்தினேன். போர்வை அவர் கைக்கு எட்டாத அலமாரியில் இருந்தது. துணையில்லாமல் அவரால் இன்னும் கட்டிலை விட்டு எழ முடியாது.

"குளிர்மூடி" என்றார்.

என்ன அழகான சொல்! அதை அப்படியே மென்று முழுங்கினேன்.

"என்னது?"

"குளிர்மூடி."

"புரியலைங்க."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன். குளிரில் அவருக்குப் பல் கிட்டியது. இந்த வேலையும் வேண்டாம், அந்த நாற்காலியும் வேண்டாம், எடுத்துப் போர்த்திவிடலாம் என்று கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடினார். நெற்றி நரம்பு புடைத்தது.

"போர்… போர்… போர்வை."

ஓடிப்போய் எடுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்தினேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சொல்லிட்டீங்க, பாருங்க, சொல்லிட்டீங்க" என்று அவர் கன்னத்தைத் தடவினேன்.

அவர் என் கையை விலக்கினார். ஒவ்வொரு சொல்லாக, ஒரு பிழை இல்லாமல், நோய்க்குப் பிறகு முதல் தடவையாக முழுசாகப் பேசினார்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நின்ன."